நிரை நீக்கும்போது வரும் இன்டெக்ஸ் வழு: பின்னாலிருந்து சுற்றுவதா, புதிய பட்டியலா?

ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் பைதான் நிரல்மொழி பழக, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவை அட்டவணையைத்தான் கொடுப்பேன். எடை பூச்சியமான நிரைகளை நீக்கச் சொன்னால் இந்த வழு வந்து நிற்கும். 5 நிரை என்றால் இன்டெக்ஸ், அதாவது நிரையின் இட இலக்கம், 0 முதல் 4 வரை. எத்தனை சுற்று என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. நடுவில் ஒன்றை நீக்கினால் பட்டியல் 4 ஆகச் சுருங்கும். சுற்றோ 4ஆம் இன்டெக்ஸைத் தேடிப் போகும். அங்கே ஒன்றுமில்லை. அதைவிட மோசம், அடுத்த நிரை முன்னே நகர்ந்து, சோதிக்கப்படாமலே தப்பிவிடும்.

முதல் வழி பின்னாலிருந்து சுற்றுவது. கடைசி நிரையில் தொடங்கி முதல் நிரையை நோக்கி வந்தால், நீக்கினாலும் இனிப் பார்க்கவேண்டிய நிரைகளின் இலக்கம் மாறாது. ஆனால் எந்த இலக்கத்திலிருந்து எதுவரை சுற்றுவது என்று சொல்லும் ரேஞ்சின் முடிவைக் கழித்தல் 1 என்று எழுத வேண்டும்; முடிவாக எழுதும் இலக்கம் சுற்றில் சேராது. 0 என்று எழுதினால் முதல் நிரை விடுபடும்.

மற்றது, எடை உள்ளவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்ப்பது. இன்டெக்ஸே தேவையில்லை, அதனால் இந்த வழுவுக்கு இடமும் இல்லை. நினைவகம் கொஞ்சம் கூடும். தோட்டத்தின் ஒரு டிவிஷன் (பிரிவு) பெயர்ப்பட்டியலுக்கு அது பொருட்டே அல்ல. நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அதே பட்டியலை நிரலின் வேறொரு பங்ஷனும் (செயற்கூறு) பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தப் பட்டியலையே மாற்றும் முதல் வழி கைகொடுக்கும்.