நான்கு நட்சத்திரம், ஒன்று மாடிப்படிக்காகக் குறைத்தேன்

கிளினிக்கின் பெயரை எழுதப்போவதில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில், கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கிறது. கீழே மோட்டார் சைக்கிள் டயர் விற்கிறார்கள். இவ்வளவு சொன்னால் போதும், தேடுகிற பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மாமியாரும் இப்போது கைப்பேசி வைத்திருக்கிறார். எங்கள் மாதாகோயில் அன்பியக் குழுவில் யார் எதை யாருக்கு அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது.

நான் போனது கையில் வைக்கிற கருத்தடைக் குச்சிக்கு. இம்பிளான்ட் என்பார்கள். டாக்டர் கட்டணமும் சேர்த்து 420 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. குச்சி வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மீதியெல்லாம் காத்திருப்பும் பேச்சும். அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன் கொஞ்சம் என் கதை. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. இரண்டு வாரம் பகல் ஷிப்ட், இரண்டு வாரம் இரவு. வீட்டுக்காரர் ஜோகூர் வரை லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டில் இருந்தால் அதிகம். மூன்று பிள்ளைகள். நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவர் முன்னால் நின்று வாசகம் வாசிப்பார். நான் பின் வரிசையில் சின்னவனை மடியில் அடக்கிக்கொண்டிருப்பேன்.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் நடத்துகிற தயாரிப்பு வகுப்பில் எங்களுக்கு ஒரு சார்ட் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பில்லிங்ஸ் என்ற டாக்டர் தம்பதி உண்டாக்கிய முறை. உடம்பில் வருகிற கசிவைத் தினமும் கவனித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மாதவிலக்குக்குச் சிவப்பு, உலர்ந்த நாளுக்குப் பச்சை, கரு தங்கக்கூடிய நாளுக்கு வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு குழந்தைப் படம் இருக்கும். முறையை நான் பழிக்கவில்லை. ஒழுங்காகத் தூங்கி எழுகிற பெண்ணுக்கு, சொன்னால் கேட்கிற புருஷனும் அமைந்துவிட்டால், சரியாக வரலாம். எங்கள் வீட்டில் லாரி வருகிற ராத்திரியாகப் பார்த்துச் சார்ட்டில் குழந்தை சிரிக்கும். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியது நான். சொன்னால் அவர் சண்டை போட மாட்டார். திரும்பிப் படுத்துக்கொள்வார், காலையில் பசியாறாமல் கிளம்பிவிடுவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குப் பயந்துதான் மூன்றாவது பையன் வந்தான்.

அவனைச் சுமக்கும்போது ஏழாம் மாதத்திலிருந்து பிரஷர் ஏறிவிட்டது. ஃபேக்டரி இன்சூரன்ஸ் இருந்ததால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். முதல் இரண்டும் ஆபரேஷன்தான். “இது மூன்றாவது, இத்தோடு போதும். பிள்ளையை எடுக்கும்போதே கருக்குழாயைக் கட்டிவிடலாம்” என்று ஸ்பெஷலிஸ்ட் சொன்னார். எனக்குச் சம்மதம். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது, கணவருக்கு. அவரைக் கூப்பிட்டேன். மூவாரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். “ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா?” என்றார். ஃபாதர் தியானத்துக்காகக் கேமரன் மலைக்குப் போயிருந்தார். கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆபரேஷன். அந்தக் கோடு காலியாகவே இருந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் என் தலை. அந்தப் பக்கம் வயிறு திறந்துதான் இருக்கிறது, டாக்டரின் கை உள்ளேதான் இருக்கிறது. “இப்போதும் சொல்கிறேன், கட்டிவிடுங்கள்” என்றேன். “ஹஸ்பண்ட் சைன் இல்லையே, மா” என்று சொல்லித் தைத்து மூடிவிட்டார்கள். இது சட்டமா என்று பிறகு வார்டு மிசியிடம், அதாவது நர்ஸிடம், கேட்டேன். ஆஸ்பத்திரி நடைமுறை என்றார். டிஸ்சார்ஜ் ஆகும்போது இன்சூரன்ஸ் போக மிச்சப் பணத்துக்கு ஒரு ஃபாரம் நீட்டினார்கள். அதில் என் கையெழுத்து மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஃபாதரை நான் குறை சொல்ல மாட்டேன். மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு வந்து பிள்ளையை ஆசீர்வதித்தார். நானே கேட்டேன். “திருச்சபை சொல்வது உனக்குத் தெரியும் மகளே. அதற்கு மேல் உன் மனசாட்சியோடு பேசு” என்றார். என் மனசாட்சி ஆபரேஷன் மேசையிலேயே பேசியதே, யாருக்கும் கேட்கவில்லையே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார், விழுங்கிவிட்டேன்.

அப்புறம் ஒரு இரவு ஷிப்ட் இடைவேளையில் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 1963ல் பாப்பரசர் 23ஆம் யோவான் இந்த விஷயத்தை ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறார். அடுத்து வந்த 6ஆம் பவுல் அதைப் பெரிதாக்க, 72 பேர் ஆனார்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அந்தக் குழுவிலேயே பெரும்பான்மையோர், தம்பதியர் கருத்தடை பயன்படுத்த அனுமதிக்கலாம் என்று 1966ல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 6ஆம் பவுல் அதை ஏற்கவில்லை. கூடாது என்ற அவருடைய சுற்றுமடலில் உள்ள தேதி 1968 ஜூலை 25. மறுநாள் 26 என்றால் எங்களுக்குச் சொல்லவே வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாள். பிள்ளை வரம் கேட்டு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிற அன்னம்மாளுக்கே, மரபுப்படி, வயதான காலத்தில் பிறந்த ஒரே ஒரு பிள்ளைதான். இதை அத்தையிடம் சொன்னேன். “வாயை அடக்கு” என்றார், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கும்.

கிளினிக்குக்கு நேராகப் போகவில்லை. முதலில் மாலில் இருக்கிற ஒரு பார்மசிக்குப் போனேன். இங்கே கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, பார்மசிஸ்ட் கொடுக்கலாம். கல்லாவில் இருந்த சின்னப் பெண் முதலில் கேட்டதே “பிரஷர் இருக்கா அக்கா?” என்றுதான். இருந்தது என்றேன். அங்கேயே உட்கார வைத்துக் கையில் பட்டை கட்டிப் பார்த்தாள். இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை பிரஷர்காரர்களுக்கு ஆகாது, விற்க மாட்டேன், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். 30 வெள்ளி வியாபாரத்தை வேண்டாம் என்றவள். அவளுக்கு ஐந்து நட்சத்திரம்.

இனி கிளினிக். படி இருபத்திரண்டு. எண்ணினேன். செங்குத்தான பழைய மரப்படி, லிஃப்ட் கிடையாது. மூன்று ஆபரேஷன் ஆன வயிற்றோடு, இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறவளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. குறைத்த நட்சத்திரம் இங்கேதான். இன்னொரு குறை, முன் மேசையில் இருக்கிற பெண்ணுக்குக் குரல் பெரிது. “இம்பிளான்ட்டா?” என்று அவர் கேட்டது கீழே டயர் கடைக்கும் கேட்டிருக்கும். பதிவு ஃபாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். எனக்குப் பரவாயில்லை, என் அம்மா மாதிரி ஆட்களுக்கு முடியாது.

காத்திருக்கிற இடத்தில் பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. என் பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெண், நான்கு பிள்ளைக்காரி. இடைவெளி விட மார்க்கத்தில் தடையில்லை, நிரந்தரமாகக் கட்டுவதுதான் கூடாது என்று அவர்களுடைய மார்க்க ஆசிரியர் உஸ்தாஸ் சொல்லியிருக்கிறாராம். புருஷனிடம் கேட்டீர்களா என்றேன். அவர்தான் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். எதிரில் நம் பிள்ளை ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது பையனாகப் பிறந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருக்கிறாராம். “தொட்டில் அவங்க தூக்குவாங்க, வயித்தை நான்தானே தூக்கணும்” என்றாள். மூன்று பேரும் மூன்று சாமிக்குப் பயந்து ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1966ல் அரசாங்கம் குடும்பத் திட்டத்துக்குச் சட்டம் போட்டு வாரியம் அமைத்த பிறகு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் மாத்திரை கிடைத்ததாம். அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அப்பா கண்டுபிடித்துக் கால்வாயில் எறிந்துவிட்டார். 1984ல் காற்று மாறியது. 2100க்குள் 7 கோடி மக்கள் வேண்டும் என்று மகாதீர் அரசாங்கம் சொன்னது. பிரசவப் படி கொடுப்பதை மூன்று பிள்ளையிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். நாங்கள் ஆறு பேர். நான் ஆறாவது.

ஃபாரத்துக்கு வருகிறேன். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எல்லாம் எழுதிவிட்டுக் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். உள்ளே போனதும் மிசி, ஐம்பது வயசு இருக்கும், நம்மவர், அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். “எழுதணும்னு இல்ல. உனக்கு இஷ்டம்னா எழுது” என்றார். பிறகு, “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். நான் தொடங்கினேன்: வீட்டுக்காரர் இப்படிச் சொல்கிறார், ஃபாதர் அப்படிச் சொன்னார், அத்தைக்கு... மிசி பேனாவைக் கீழே வைத்தார். “அவங்கல்லாம் இங்க வரல. உன்னைத்தான் கேக்குறேன்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அதுதான் உண்மை. ஆபரேஷன் மேசையில், வேண்டுமா என்று யாரும் கேட்காமல் நானாகக் கத்திச் சொன்னது வேறு. இப்படி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து ஒருவர் கேட்டபோது வார்த்தை வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பிரஷர் பார்த்தார், 136க்கு 86. சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி, எடை ஏறலாம். தாமிரச் சுருள், பத்து வருஷம்கூட இருக்கும், விலக்கு அதிகமாகப் போகலாம். குச்சி, மூன்று வருஷம். மாதவிலக்கு தாறுமாறாக வரும், சிலருக்கு வராமலே போகும், அதனாலேயே எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விற்கிற பேச்சு அதில் இல்லை. “கட்டிக்கணும்னா இப்பவும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரேன். ஆனா அங்கயும் கையெழுத்து கேப்பாங்க, தயாரா இருந்துக்க” என்றார்.

குச்சி என்றேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, மலாயில்தான் பேசினார். இடது கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி வைக்கச் சொன்னார். முழங்கை உள்பக்கத்திலிருந்து அளவு நாடா வைத்து அளந்து, ஊதாப் பேனாவால் இரண்டு புள்ளி. “சாக்கிட் சிக்கிட் சாஜா”, கொஞ்சம்தான் வலிக்கும், என்று மரப்பு ஊசி போட்டார். அது கொஞ்சம் எரிந்தது. பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கருவி, தோலுக்கு அடியில் நுழைவது அழுத்தமாக மட்டும் தெரிந்தது, ஒரு ‘கிளிக்’. அவ்வளவுதான். என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தடவச் சொன்னார். நான்கு சென்டிமீட்டர், தீக்குச்சி மாதிரி, தோலுக்கு அடியில் அசைந்தது. இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். இறுக்கிக் கட்டுப்போட்டு, 24 மணி நேரம் நனைக்காதே என்றார்.

வீட்டுக்காரரிடம் சனிக்கிழமை சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எவ்வளவு ஆச்சு?” என்றார். சொன்னேன். “வலிச்சுதா?” என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசித்துவிட்டு இறங்கும்போது, நான் நற்கருணை வாங்க எழுந்து வருகிறேனா என்று அவர் பார்த்தது எனக்குத் தெரியும். வந்தேன். ஃபாதர் கொடுத்தார்.

வாங்கிய பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் கை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. இரண்டாம் மாதம் 24 நாள் தொடர்ந்து லேசாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. சலித்துப்போய்ப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கிளினிக்குக்கு அழைத்தேன், அதே பெரிய குரல்தான் எடுத்தது. ஆனால் மிசி பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார், எவ்வளவு போகிறது என்று கேட்டார், பிரஷரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பணம் வாங்கவில்லை. இப்போது எட்டாவது மாதம், அடங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: டாக்டர் எல்லா நாளும் வருவதில்லை, முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டிவிடுவார்கள். கை தளர்ந்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள், நான் தெரியாமல் இறுக்கமான பஞ்சாபி உடையில் போய் அவதிப்பட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கீழே டயர் கடைப் பையனிடம் சொன்னால் ஸ்ட்ரோலரைக் கடைக்குள் வைத்துக்கொள்வான், எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டான்.