மான்லிகர்-ஷோனவர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மவுண்ட்டைப் பாருங்கள்

கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிள்களில் மான்லிகர்-ஷோனவரைவிட வழுவழுப்பாக ஓடும் ஒன்றை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை. அதே நேரம் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) பொருத்த இவ்வளவு தலைவலி கொடுக்கும் ரைபிளும் வேறு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ரைபிளை இப்போது வாங்கிவிடலாம், ஸ்கோப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த "அப்புறம்" வரும்போது சில சமயம் ரைபிளின் விலையைவிட, ஸ்கோப்பை அதில் பிடித்துவைக்கும் மவுண்ட் வேலைக்கான செலவு அதிகமாகிவிடுகிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரத்து ஆயுத ஆலையில் பிறந்தது இது. போல்ட் அமைப்பு ஃபெர்டினான்ட் மான்லிகருடையது, சுழலும் மேகசின் அதே ஆலையைச் சேர்ந்த ஓட்டோ ஷோனவருடையது. 1903-ல் கிரேக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது, பால்கன் போர்களில் கிரேக்க வீரர்கள் கையில் இருந்தது இதுதான். ஆனால் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ராணுவம் அல்ல, வேட்டைக்காரர்கள். 6.5x54 தோட்டாவுக்கு (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது தோட்டாக் கூட்டின் நீளம், மில்லிமீட்டரில்) 1903 மாடல், 9x56-க்கு 1905, 8x56-க்கு 1908, 9.5x57-க்கு 1910 என்று வரிசையாக வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1950, 1952, 1956 மாடல்கள், கடைசியாக 1961-ன் எம்சிஏ. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை பெரும்பாலும் முடிந்த கதை என்பதால் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களிடம் இது இன்றும் புழங்கும் ரைபிள்.

என்னிடம் இருப்பது 1903 மாடல், குட்டைக் குழல், குழல் முனை வரை மரம் மூடிய முழுக்கட்டை. இதை ஸ்டுட்சன் என்பார்கள். குழல் 45 சென்டிமீட்டர்தான். மலைச்சரிவில் ஏறும்போது தோளில் தொங்குவதே தெரியாது, பரணில் உட்கார்ந்து மெதுவாகத் திருப்பும்போதும் பலகையில் இடிக்காது. இரட்டை விசை: பின்விசையை இழுத்து வைத்துவிட்டால் முன்விசை தொட்டாலே போதும் என்ற அளவுக்கு இலகுவாகிவிடும், அவசரத்தில் பின்விசையைத் தொடாமல் முன்விசையை மட்டும் இழுத்தும் சுடலாம். 6.5-ன் குண்டு 10.3 கிராம், நீளமானது, மூக்கு உருண்டையானது. வேகம் இன்றைய கணக்குக்குக் குறைவு, விநாடிக்கு 700 மீட்டர் அளவில்தான். ஆனால் நீளமும் எடையும் இருப்பதால் ஆழமாக இறங்கும், தோள்பட்டையில் உதைப்பதும் குறைவு. ரோ மானுக்கும் ஷாமுவா மலையாட்டுக்கும் 150 மீட்டர் வரை இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மேகசினைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஐந்து தோட்டாக்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படாமல், ஒரு உருளையைச் சுற்றித் தனித்தனிப் பள்ளங்களில் படுத்திருக்கும். நீங்கள் போல்ட்டைத் தள்ளும்போது உருளை ஒரு இடம் நகரும், தோட்டா உராய்வே இல்லாமல் அறைக்குள் போகும். வேட்டை முடிந்து காலி செய்ய வேண்டுமா, உள்ளே பக்கச்சுவரில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் எல்லாத் தோட்டாக்களும் மேலே வந்துவிடும், ஒவ்வொன்றாகப் போல்ட் அடித்து எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உருளை குறிப்பிட்ட ஒரு தோட்டாவின் வடிவத்துக்கென்றே வெட்டப்பட்டது. கூர்மூக்குக் குண்டு, குட்டைக் குண்டு என்று மாற்றிப் போட்டால் சில ரைபிள்கள் முரண்டு பிடிக்கும். பழைய உருண்டை மூக்குக் குண்டே போடுங்கள், அதற்குத்தான் இது செய்யப்பட்டது.

சரி, ஸ்கோப்புக்கு வருவோம். மற்ற பெரும்பாலான வேட்டை ரைபிள்களில் ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகுக் கூடு) முன்வளையமும், பின்னால் அதன் மேல்பக்கத்தை இணைக்கும் பின்பாலமும் முழுதாக இருக்கும், இரண்டின் தலையிலும் ஸ்கோப்பின் கால் உட்காரும் தளம் ஒவ்வொன்றைத் திருகினால் முடிந்தது. இதில் பின்பாலம் பிளந்திருக்கிறது. போல்ட்டின் கைப்பிடி போல்ட்டின் நடுப்பகுதியில் முளைத்திருப்பதால், அதைத் தூக்கிப் பின்னுக்கு இழுக்கும்போது அந்தப் பிளவின் வழியாகத்தான் போக வேண்டும். பிளவை மூடி ஒரு தளம் வைத்தால் போல்ட் திறக்காது. அதோடு பழைய மாடல்களில் கைப்பிடி, கரண்டிக் காம்பு போலத் தட்டையாக, உயரமாக எழும்பும், எனவே ஸ்கோப்பைத் தாழ்வாக வைத்தால் கைப்பிடி அதில் போய் இடிக்கும். போல்ட்டின் பின்முனையில் இருக்கும் பாதுகாப்பு நாக்குக்கும் (தவறிச் சுடாமல் தடுப்பது) புரள இடம் வேண்டும். ஆக, பின்தளம் இடது பக்கம் ஒதுங்க வேண்டும், ஸ்கோப் கொஞ்சம் உயர வேண்டும், முன்வளையத்தில் போடும் திருகு உள்ளே போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் சுழலும் இடத்தைத் தொடவே கூடாது. 1903-ல் இந்த ரைபிளை வடிவமைத்தவர்கள் யோசித்தது துப்பாக்கியிலேயே இருக்கும் குறிமுள்ளைப் பற்றி, ஸ்கோப்பைப் பற்றி அல்ல.

இதற்கு ஐரோப்பியக் கம்மியர்கள் கண்ட பழைய தீர்வு கொக்கி மவுண்ட். ஜெர்மனியின் ஸூல் நகரத்துப் பெயரில் ஸூலர் ஐன்ஹாக்மோன்டாஜ் என்பார்கள். ஸ்கோப்பின் முன்காலில் இருக்கும் கொக்கிகளைச் சாய்வாக முன்தளத்தில் மாட்டி, பின்பக்கத்தை அழுத்தினால் பின்கொக்கிகள் ஸ்பிரிங் பூட்டில் 'டக்' என்று உட்காரும். கழற்ற ஒரு தள்ளல் போதும். நல்ல கம்மியர் செய்ததை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் குறி நகராது. மழையில் ஸ்கோப் கண்ணாடி மங்கினால் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறும் குறிமுள்ளில் சுடலாம், அடிபட்ட காட்டுப்பன்றியைப் புதருக்குள் தேடிப் போகும்போது ஸ்கோப் இல்லாத ரைபிளே கையில் இருக்க வேண்டும். என் ரைபிளில் இருப்பது இதுதான், யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் புதிதாகச் செய்யச் சொன்னால் அது வேறு கணக்கு. ஒவ்வொரு கொக்கியும் அந்தத் தளத்துக்கென்றே அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தப்படுகிறது, மணிக்கணக்கில் கைவேலை. அதனால்தான் ஒரு ரைபிளின் கொக்கி வளையங்கள் இன்னொரு ரைபிளின் தளத்தில் உட்காராது. ஏலங்களில் "கொக்கித் தளங்கள் உள்ளன, ஸ்கோப் இல்லை" என்று கொஞ்சம் விலை குறைத்துப் போடுவார்கள், அது மலிவு இல்லை. அந்தத் தளத்துக்கு ஏற்ற கால்களைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகின்றன.

தளமே இல்லாத ரைபிள் கையில் இருக்கிறது, ஸ்கோப் வேண்டும்தான் என்றால் நான் சுழல் மவுண்ட் பக்கம்தான் போவேன். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் அருகே ஏர்ன்ஸ்ட் ஆப்பல் நிறுவனம் செய்யும் இஏடபிள்யூ வகை பலருக்கும் தெரிந்தது. முன்கால் ஒரு குமிழ், அதை 90 டிகிரி குறுக்காக வைத்து முன்தளத்தில் நுழைத்து, ஸ்கோப்பை நேராகத் திருப்பினால் பின்பக்கம் நெம்புகோலில் பூட்டிக்கொள்ளும். எஃகு, உறுதி, கொக்கியைவிடக் கொஞ்சம் தாழ்வாகவும் அமையும், முக்கியமாகப் பாகங்கள் ஆலையில் அளவோடு வருவதால் கைவேலை குறைவு. அழகில் கொக்கிக்கு ஈடில்லை. உபயோகத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவுக்குப் போன ரைபிள்களில் பக்க மவுண்ட்தான் அதிகம் பார்க்கலாம். நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹோவ் செய்தது இரண்டு நெம்புகோல்களோடு இருக்கும், ரிசீவரின் இடதுசுவரில் திருகி ஊசியடித்துப் பிடித்திருப்பார்கள், ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே நிற்கும். பாக்மயரின் லோ-ஸ்விங் ஸ்கோப்பையே இடது பக்கம் மடித்துச் சாய்த்துவிடும், கழற்றவே வேண்டாம். பொறியியலாகப் பார்த்தால் பிளந்த பாலத்துக்கு இதுதான் நேரான விடை, பாலத்தைத் தொடவே தேவையில்லை. ஏற்கெனவே இப்படிப் பொருத்தியிருக்கும் ரைபிள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கைபடாத பழைய ரைபிளின் பக்கச்சுவரில் புதிதாக நான்கைந்து துளை போடுவதை மட்டும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. போட்ட துளையைத் திருகு வைத்து மூடலாம், துளையில்லாத ரைபிளாக மாற்ற முடியாது, சேகரிப்பவர் யாரும் அதற்குப் பழைய விலை தரமாட்டார். குழலின் மேல் முன்னால் தள்ளி வைக்கும் நீள்பார்வை ஸ்கோப் (கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்ப்பது), சிவப்புப்புள்ளிக் குறிக்கருவி எல்லாம் சிலர் முயல்கிறார்கள். அந்தக் குட்டைக் குழலின் சமநிலை கெடுகிறது, எனக்கு வேண்டாம்.

எந்த வேலையானாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: தளத்தை எப்படிப் பிடிக்கப் போகிறார்? திருகோடு வெள்ளீயப் பற்று வைப்பது வழக்கம்தான், அதற்கு 200 டிகிரியை ஒட்டிய சூடு போதும், எஃகின் பதம் கெடாது. பித்தளைப் பற்று, வெல்டிங் என்று பேச்சு வந்தால் ரைபிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்கும் வளையம் அது.

ஸ்கோப் எது? பழைய ரைபிளுக்குப் பழைய ஸ்கோப்தான் என் தேர்வு. காலெஸ் ஹீலியா, ஸ்வரோவ்ஸ்கி ஹாபிக்ட், ட்ஸைஸ் என்று நான்கு மடங்கு பெருக்கும் எஃகுக் குழாய் ஸ்கோப்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் குழாய் அளவைப் பாருங்கள். ஆஸ்திரியச் சரக்கு பெரும்பாலும் 26 மில்லிமீட்டர், பழைய ட்ஸைஸ் 26.5, இன்றைய கடைகளில் கிடைப்பது 25.4 அல்லது 30. 26-க்குச் செய்த வளையத்தில் 25.4 ஸ்கோப்பை இறுக்கினால் பிடிக்காது, உள்ளே செருக ஒரு மெல்லிய உறை வேண்டும். இன்னொரு விஷயம், பழைய ஸ்கோப்களில் பலவற்றுக்கு மேல்-கீழ் திருத்தம் மட்டும்தான் உண்டு. இடம்-வலம் சரிசெய்வது மவுண்ட்டின் பின்தளத்தில் இருக்கும் திருகுகளில். திருத்தும்போது குறிக்கோடு (ஸ்கோப்புக்குள் தெரியும் குறி பார்க்கும் கோடுகள்) பார்வையின் நடுவிலிருந்து நகர்ந்து நிற்பதும் அந்தக் காலத்து ஸ்கோப்பில் சகஜம், பழுது என்று நினைக்க வேண்டாம். மாலை மங்கலில் ஜெர்மன் ஒன்றாம் எண் குறிக்கோட்டின் தடித்த கம்பம் இருட்டோடு கரையாமல் தெரிவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்கோப்களில் பெரும்பாலும் இருக்காது, அந்தியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பின்கட்டையின் வளைவும் கணக்கில் வரும். பழைய மாடல்களின் கட்டை குறிமுள்ளுக்காகத் தாழ்வாகச் செதுக்கப்பட்டது, உயரமான ஸ்கோப்பில் பார்க்கும்போது கன்னம் மரத்தில் உட்காராமல் தாடைதான் தொடும். கழற்றக்கூடிய தோல் திண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும், மரத்தில் கைவைக்கத் தேவையில்லை. ஸ்கோப்தான் முக்கியம், பழமை அவ்வளவு முக்கியமில்லை என்பவர்கள் 1956 அல்லது எம்சிஏ மாடலைத் தேடுங்கள், கட்டை உயர்ந்திருக்கும், 1952-லிருந்தே கைப்பிடியும் பின்னுக்குச் சாய்ந்து வருகிறது. அந்த மாடல்களில் நவீன ஸ்கோப் வைத்து நிம்மதியாக வேட்டையாடலாம்.

கடையில் கொக்கி மவுண்ட்டோடு ஒன்றைப் பார்த்தால், ஸ்கோப்பை மாட்டிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மயிரிழை ஆட்டம்கூட இருக்கக் கூடாது. தளத்தின் வரிசை எண் ரைபிளோடு ஒத்துப்போகிறதா, கொக்கிகளின் உள்விளிம்பு தேய்ந்து பளபளக்கிறதா, பூட்டின் ஸ்பிரிங் சுறுசுறுப்பாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். விற்பவர் அனுமதித்தால் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் ஒரு தோட்டா சுட்டு, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி இன்னொன்று, மறுபடி கழற்றி மாட்டி இன்னொன்று. மூன்றும் 100 மீட்டரில் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம்.