ராக்கி மலையில் 'கூட்டமில்லாத டிரெயில்' என்று பணம் கேட்டால் உஷார்

அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் யாரிடமும் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 'ஆள் நடமாட்டமே இல்லாத மலைமேட்டுப் பாதை, பெர்மிட், கைடு எல்லாம் எங்கள் பொறுப்பு' என்று சொல்லி 2024 ஜூலையில் ஒரு சின்ன டூர் நிறுவனம் எங்களிடம் ஆளுக்கு இருநூறு டாலருக்கு மேல் வாங்கியது. பெயரைப் போடவில்லை. இன்று ஒரு பெயரில் இருப்பவர் நாளை வேறு பெயரில் வருவார். அவர் செய்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் பெர்மிட் கதை. அந்தக் கோடையில் பூங்காவுக்குள் நுழைய, நேரம் குறித்த பெர்மிட் இரண்டு வகையாகக் கொடுத்தார்கள். ஒன்றில், பேர் லேக் (Bear Lake) என்ற ஏரிக்குப் போகும் சாலையும் சேரும். அது காலை 5 முதல் மாலை 6 வரை நுழைபவர்களுக்கு. இன்னொன்று அந்தச் சாலை தவிர மற்ற இடங்களுக்கு. காலை 9 முதல் மதியம் 2 வரை நுழைந்தால் மட்டும் அது வேண்டும். எங்களுக்குச் சொன்ன திட்டம், பேர் லேக்கில் தொடங்கி 12,324 அடி உயர ஃபிளாட்டாப் மலை ஏறி, மேற்கே விரியும் மேட்டு நிலத்தில் நடப்பது. உச்சி வரை ஆட்கள் இருப்பார்கள், அதைத் தாண்டினால் ஈ காக்கை இருக்காது. கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் அவர்கள் வாங்கி வைத்திருந்தது இரண்டாவது வகை. பேர் லேக் சாலைச் சோதனைச் சாவடியில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) பணிவாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ரசீதில் 'பெர்மிட் ஏற்பாடு' என்று 60 டாலர் போட்டிருந்தார்கள். அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் ஒரு வண்டிக்கு அந்தப் பெர்மிட்டின் முன்பதிவுக் கட்டணம் வெறும் 2 டாலர், நாமே போட்டுக்கொள்ளலாம். பூங்கா நுழைவுக் கட்டணம் இதில் சேராது, அதையும் வாசலில் நாங்கள்தான் கட்டினோம். ஒன்பது மணிக்கு முன்பே உள்ளே போயிருந்தால் அந்த இரண்டாவது பெர்மிட்டே தேவைப்பட்டிருக்காது என்பது தனி வயிற்றெரிச்சல்.

சரி, பணம் போனது ஒரு பக்கம். 'இதைவிட அமைதியான இடம் காட்டுகிறேன்' என்று கைடு எங்களை டிரெயில் ரிட்ஜ் சாலையில் யூட் கிராசிங் வரை கூட்டிக்கொண்டு போனார். அமைதியான இடம்தான், அதில் பொய் இல்லை. சாலையோரம் சில கார்கள் நிற்க இடம், அங்கிருந்து டன்ட்ரா மேட்டில், அதாவது குளிரில் மரம் வளராத குட்டைச் செடி நிலத்தில், ஒற்றையடிப் பாதை. 11,000 அடிக்கு மேல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நடக்கத் தொடங்கும்போதே மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. கோடையில் அங்கே பிற்பகல் என்றாலே இடி மின்னல். அதற்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிடுங்கள் என்று பூங்காவே சொல்கிறது. 2014 ஜூலையில் இதே பாதையில் மின்னல் தாக்கி ஒரு பெண் இறந்துபோனார், மறுநாளே அதே சாலையில் இன்னொரு இடத்தில் வேறொருவர்.

மேற்கே மேகம் கறுத்தபோது 'அது இந்தப் பக்கம் வராது' என்றார் கைடு. முந்தைய நாள்தான் டென்வரில் வந்து இறங்கியிருந்தோம். உயரத்தால் என் மனைவிக்குத் தலைவலி, குமட்டல். உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இல்லை. நாங்களாகத் திரும்பினோம். அப்போதும் பாதையை விட்டுக் குறுக்கே போகச் சொன்னார்! விரல் உயரம்கூட இல்லாத அந்தச் செடிகள் மிதிபட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குத்தான் அங்கங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதையிலேயே ஓட்டமும் நடையுமாக வந்து காரில் ஏறினோம், ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது.

அப்புறம் விசாரித்ததில், காசு வாங்கிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குள் கைடாகப் போக தேசியப் பூங்கா சேவையின் அனுமதி வேண்டும் என்று தெரிந்தது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் பூங்கா இணையதளத்தில் இருக்கிறது. எங்கள் ஆள் அதில் இல்லை. ரேஞ்சர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி பதில். பெர்மிட் வகை தவறாக இருந்ததும் வானிலையா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் முறையிட்டதில் அந்த 60 டாலர் மட்டும் வந்தது. மீதிக்கு ரசீது, பெர்மிட் நகல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பியிருக்கிறோம். நீங்கள் பணம் கட்டுவதாக இருந்தால் பெர்மிட்டின் வகையையும் அனுமதிக் கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டதும்தான் எங்கள் ஆள் போனை வைத்தார்.