ரூட் உள்ள பின்னத்தை எந்த வழியில் வகுப்பது?

காங்கயம் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு எடுக்கிறேன். பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, ஒரு ரூட்டை (வர்க்கமூலத்தை) கண்டால் போதும், பாதிப் பேர் யோசிக்காமல் மேலும் கீழும் அதே ரூட்டால் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் எல்லாக் கணக்குக்கும் அதுவா முதல் அடி?

√432 ÷ √147 என்ற கணக்கைப் பாருங்கள். பெருக்கிக்கொண்டு போனால் மேலே √63504, கீழே 147. இனி 63504-க்கு வர்க்கமூலம் தேட வேண்டும். அது 252 என்று கண்டுபிடித்து, 252/147-ஐ 21-ஆல் சுருக்கி 12/7-க்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். பெருக்காமல் ரூட்டை முதலில் பிரித்தால்? 432 என்பது 144 × 3, 147 என்பது 49 × 3. மேலே 12√3, கீழே 7√3. √3 இரண்டும் அடிபட்டுப் போக, 12/7. இரண்டே வரி.

இன்னொரு வழி, இரண்டு எண்ணையும் ஒரே ரூட்டுக்குள் போட்டு வகுப்பது. ஊரில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சதுரமான இரண்டு கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), ஒன்று 8 ஏக்கர், இன்னொன்று 4.5 ஏக்கர். சுற்றிலும் கிளுவை மரத்தால் உயிர்வேலி வைக்க வேண்டும். பெரியதற்குச் சின்னதைப் போல எத்தனை மடங்கு வேலி? "ஏனுங்க சார், ஏக்கர் கணக்குல ரூட் எங்கீங்க வருது?" என்றான் ஒருவன். சதுரத்தின் பக்கம் பரப்பின் வர்க்கமூலம்தானே, அங்கேதான் வருகிறது. √8 ÷ √4.5 என்பது √(8/4.5), அதாவது √(16/9). விடை 4/3. சின்னதற்குச் சுமார் 540 மீட்டர் வேலி என்றால் பெரியதற்கு 720. √4.5-ஐத் தனியாகப் பிரிக்க உட்கார்ந்திருந்தால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது என் ஓட்டு பிரிக்கும் வழிக்குத்தான். (√18/5) ÷ (√8/15): தலைகீழாக்கிப் பெருக்கினால் (3√2/5) × (15/2√2). √2 அடிபடும், 15-ல் 5 போகும், 9/2.

அப்படியானால் பகுதியில் இருக்கும் ரூட்டை நீக்குவது, பாடநூல் மொழியில் விகிதமுறு எண்ணாக்குவது, வேண்டாத வேலையா? இல்லை. √98/√45-ல் பிரித்த பிறகும் 7√2/3√5 என்று நிற்கும். இங்கே √5-ஆல் பெருக்கி 7√10/15 என்று முடிப்பதுதான் வழக்கம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதற்கு உண்மையான பயன் இருந்தது: 1-ஐ 1.41421356-ஆல் கையால் வகுத்துப் பாருங்கள், அப்புறம் 1.41421356-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 0.7071 என்றுதான் தொடங்கும், பாடு மட்டும் வேறு.

பகுதியில் ரூட்டோடு கழித்தல் இருந்தால் பெரும்பாலும் இந்த வழிதான். (3 + √5)/(3 − √5)-ல் பிரிக்கவும் ஒன்றுமில்லை, ஒரே ரூட்டுக்குள் போடவும் முடியாது. குறியை மாற்றி, மேலும் கீழும் 3 + √5-ஆல் பெருக்க வேண்டும். கீழே 9 − 5 = 4, மேலே 14 + 6√5. சுருக்கினால் (7 + 3√5)/2. சிலர் கீழே இருக்கும் 3 − √5-ஆலேயே பெருக்கிவிடுவார்கள். 14 − 6√5 என்று வரும், ரூட் போகவே போகாது.

தசமத்தில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். √5-ஐ 2.24 என்று வைத்து நேராக வகுத்தால் 5.24/0.76, சுமார் 6.89. சுருக்கிய வடிவில் அதே 2.24-ஐப் போட்டால் 6.86. சரியான மதிப்பு 6.854. கீழே சின்ன எண் நின்றால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடுகிறது.

ஆனாலும் தசமத்தை விடை பார்க்க வைத்திருக்கிறேன். 3-ஐ 3-ஓடு அடித்து, √5-ஐ √5-ஓடு அடித்து −1 என்று எழுதிக்கொண்டு வருகிற பையன் வருஷத்துக்கு ஒருவனாவது இருப்பான். "5.24-ஐ 0.76-ஆல் வகுத்தா மைனஸ் எப்படிக் கண்ணு வரும்?" என்று கேட்டால் போதும், அவனே ரப்பரைத் தேடுவான்.