திருச்சியில் ஒட்டிய முடியும் தியாகராய நகரில் கழற்றிய முடியும்

அண்ணன் மகளின் திருமணத்திற்காக இந்த ஆவணியில் நான்கு வாரம் திருச்சியில் தங்கியிருந்தேன். இரண்டாவது பிரசவத்திற்குப் பிறகு கொட்டிய முடி ஓரளவு திரும்பி வந்திருந்தாலும், ஒரு முழம் மல்லிகையைத் தாங்கும் பின்னல் திரும்பி வரவில்லை. ஆகவே ஒட்டுமுடி வைத்துக்கொள்ளும் வேலையை ஊரிலேயே முடித்துக்கொள்வது என்று லண்டனில் இருந்து புறப்படும்போதே தீர்மானித்திருந்தேன். அங்கே கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு காரணம். திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானமே ஏலம் விட்டு விற்கிறது, அது கடல் கடந்து போய் லண்டன் கடைகளில் பன்மடங்கு விலைக்கு வந்து உட்காருகிறது என்ற எண்ணம் மற்றொரு காரணம். சிறுவயதில் சமயபுரத்தில் எனக்கு இறக்கிய முடி எந்தச் சீமைக்குப் போனதோ தெரியாது. அதைத் திரும்ப வாங்குவதென்றால் பக்கத்திலேயே வாங்கலாமே என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டுதான் போனேன்.

தில்லைநகர்ப் பக்கம் உள்ள ஓர் அழகு நிலையத்தில் திருமணத்திற்கு நான்கு நாள் முன்னதாக நேரம் வாங்கினேன். அவர்கள் பரிந்துரைத்தது டேப் முறை. நம் முடியில் மெல்லிய ஒரு வரிசையைப் பிரித்தெடுத்து, அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக ஒட்டுமுடி பதித்த இரண்டு பசைப்பட்டைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். சூடு தேவையில்லை. பதினெட்டு அங்குல நீளத்தில் நாற்பது பட்டைகள், மொத்தம் நூறு கிராம், கூலி சேர்த்து 26,000 ரூபாய். முடியின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நுனியிலிருந்து மேல்நோக்கி விரலால் உருவிப் பார்த்தபோது எல்லா இழைகளும் ஒரே மாதிரி சொரசொரத்தன. அதாவது வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறாமல் அடுக்கிய ரெமி முடிதான். சீப்பில் சிக்கியதைப் பொறுக்கிச் சேர்த்த முடியாக இருந்தால் இழைகள் தலைகீழாகக் கலந்து, ஓரிரு முறை அலசியதும் சிக்குப் பிடித்துவிடும். நிறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்கு அழைத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது.

பொறுமை அதோடு முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தர வேண்டும் என்ற அவசரத்தில், காதுக்கு மேலும் நெற்றியோரத்திலும் குழந்தை முடி போலப் பூஞ்சையாக இருக்கும் இடங்களிலும் பட்டையை ஒட்டிவிட்டார்கள். ஒரு பட்டை தொங்கும் எடைக்கு ஈடாக அதைத் தாங்கும் நம் முடியும் இருக்க வேண்டும். பத்து இழை தூக்க வேண்டியதை இரண்டு இழையின் தலையில் கட்டினால் வேர் என்ன செய்யும்? அன்றிரவு தலையணையில் தலை சாய்க்க முடியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, இரண்டு நாளில் பழகிவிடும் மேடம் என்றார்கள். அதை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. சரியாக வைத்த ஒட்டுமுடி புதிதாக ஏதோ இருப்பது போல் உணரச் செய்யலாம்; வலிக்கக் கூடாது. வலித்தால் வேர் இழுபடுகிறது என்று பொருள்.

எண்ணெயைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நலங்கன்று மணப்பெண்ணுக்கு வைத்த கையோடு அம்மா என் உச்சியிலும் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டார். கல்யாண வீட்டில் வறண்ட தலையோடு நிற்பதாவது என்பது அவர் நியாயம். எண்ணெய் பட்டால் பசை இளகும். முகூர்த்தத்திற்குள் மூன்று பட்டைகள் நழுவித் தொங்கின. மறுநாள் அதே நிலையத்திற்குப் போனபோது, அங்கிருந்த பெண் பசையை இளக்கும் கரைப்பான் ஏதும் தடவாமல், நழுவியவற்றோடு காதோரத்துப் பட்டை இரண்டையும் விரலால் பிடித்து இழுத்தார். பிளாஸ்திரி பிரிப்பது போன்ற ஓசை எனக்கே கேட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் இடது காதுக்கு மேல் கட்டை விரல் நகம் அளவுக்கு முடி முறிந்திருந்தது; அதைச் சுற்றிச் சிவப்பாகச் சிறுசிறு கொப்புளங்கள்.

ஊர்ப் பயணத்தில் நான் மனதார மெச்சும் சேவை இதற்குப் பிறகு வந்தது. லண்டனில் சென்ற ஆண்டு தோல் மருத்துவரைப் பார்க்க நான்கு மாதம் காத்திருந்த எனக்கு, திருச்சியில் அன்று மாலையே 500 ரூபாயில் மருத்துவர் கிடைத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இழுவையால் வரும் முடியுதிர்வின் தொடக்கம் என்றார். இறுக்கிப் பின்னுவது, உச்சிக் கொண்டை, ஒட்டுமுடி ஆகிய எல்லாவற்றாலும் வருவது இது. சீக்கிரம் இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகி, பிறகு வளராது. இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்ததோடு, முடி ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் எந்த ஒட்டுமுடியும் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். மிச்சமுள்ள பட்டைகளை, கழற்றத் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கழற்றச் சொன்னார்.

அப்படித்தான் சென்னைக்குப் போன வேலையோடு தியாகராய நகரில் ஒரு சிறிய நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த அக்கா பட்டையின் ஓரத்தில் கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சற்று நேரம் காத்திருந்து, பட்டை தானாக வழுக்கி வரும்போது மட்டும் எடுத்தார். வராத பட்டையை இழுக்கவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டார். ஒன்றரை மணி நேரம், 3,000 ரூபாய். பட்டைகளோடு வந்த என் சொந்த முடிக் கற்றையைப் பார்த்து நான் பதறியதும், அவர் அதை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் பரப்பினார். "இந்த நுனியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு பாருங்க, இது தானா உதிர்ந்தது. பொட்டு இல்லாதது மட்டும்தான் முறிஞ்சது" என்றார். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. ஒட்டியிருந்த பத்து நாளில் பட்டைக்குள் உதிர்ந்தவை விழ வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கின்றன. எண்ணிப் பார்த்தோம். பொட்டுள்ளவைதான் அதிகம். முறிந்தவை பெரும்பாலும் அந்த இடது காதோரத்துப் பட்டைகளில் இருந்தன.

ஆறு முதல் எட்டு வாரத்திற்கு மேல் பட்டையை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கும் அவர் காரணம் சொன்னார். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், பட்டை வேரை விட்டு இறங்கி ஊசலாடத் தொடங்கும். ஊசலாடுவது முறுக்கும், முறுக்கினால் சிக்கும். மூன்று நான்கு வாரமே ஊரில் இருப்பவர்கள் இங்கே ஒட்டிக்கொண்டு விமானம் ஏறினால், கழற்ற அங்கே ஆள் தேட வேண்டும். ஒட்டும் கூலியைக் கேட்கும்போதே கழற்றும் கூலியையும் கழற்றும் முறையையும் கேட்காமல் போனது என் குற்றம். இதைத் தாங்களாகச் சொல்லாதது அந்த நிலையத்தின் குற்றம்.

பத்து நாள் கழித்துத் தஞ்சாவூரில் நாத்தனாரின் வளைகாப்பு. அதற்காகத் திருச்சி மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தருகே ஒரு கடையில் சவுரி வாங்கினேன். கடைக்கார அம்மாள் நான் கேட்காமலேயே ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். பொசுங்கிய முடியின் நாற்றம் அடித்து, விரலில் தேய்த்ததும் சாம்பலாக உதிர்ந்தது. பக்கத்தில் தொங்கிய நைலான் சவுரியின் இழையோ உருகி ஒரு மணியாகத் திரண்டது. மூன்று புரி கொண்ட அசல் முடிச் சவுரி 2,800 ரூபாய். "அடியிலேயே சேக்காதேம்மா. பிடரியில தளர்வா கட்டி, உன் முடியில ரெண்டு சுத்துப் பின்னிட்டு அப்புறம் புரியைச் சேரு" என்றார். எடை அப்போது வேரின் மேல் நேராக விழாமல் பின்னலின் மேல் பரவுகிறது.

சவுரிக்குத் தீங்கே கிடையாது என்று சொல்லவில்லை; குஞ்சலமும் ஜடை நாகமும் பூவும் சேர்த்து ஏற்றினால் அதுவும் பிடரியை இழுக்கத்தான் செய்யும். ஆனால் காலையில் வைத்ததை இரவில் கழற்றிவிடலாம், கழற்ற யாரும் தேவையில்லை, எண்ணெய்த் தலைக்கும் ஒத்துப்போகும். வளைகாப்பு முடிந்த இரவு தஞ்சாவூரிலேயே சவுரியை மிதமான ஷாம்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் கொடியில் தொங்கவிட்டேன். மாமியார் இருட்டில் அதைப் பார்த்துப் பயந்து கூச்சலிட்டது தனிக் கதை.

டேப் முடி நாற்பதும் ஒரு துணிப்பையில் என்னோடு லண்டன் வந்திருக்கின்றன. புதுப் பசை ஒட்டினால் மறுபடி வைக்கலாம் என்றார் தியாகராய நகர் அக்கா. இன்னும் மனம் வரவில்லை. இடது காதுக்கு மேல் முறிந்த இடத்தில் முடி குத்திட்டு நிற்கிறது. இன்று காலை மகனின் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன்: ஒன்றரை சென்டிமீட்டர்.