பேசிப் பார்ப்பதா, செய்யச் சொல்லிப் பார்ப்பதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்குப் பத்து வருடமாக ஆள் எடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போலத்தான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பேன், சொந்த ஊர் கேட்பேன், அப்புறம் மனதுக்குப் பட்டதுதான் முடிவு. பளிச்சென்று பேசுகிறவருக்கே வேலை கிடைத்தது.

இந்தப் பழக்கத்துக்கு ஆராய்ச்சியில் மதிப்பு ரொம்பக் குறைவு. அமெரிக்க உளவியல் பேராசிரியர் பால் சாக்கெட்டும் சகாக்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். தேர்வில் தெரிவதும் பின்னால் வேலையில் தெரிவதும் அப்படியே ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0. வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் மார்க் போடும் இன்டர்வியூவுக்கு 0.42. நாம் பெரிதாக நம்பும் அனுபவ வருடங்களுக்கு வெறும் 0.07.

அந்த வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.33. 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு 0.54 கொடுத்திருந்தார்கள். எண் இறங்கியிருக்கிறது, ஆனாலும் கணக்குப் பிரிவுக்கு இதை நான் விடமாட்டேன். போன முறை பத்து பில்களைக் கொடுத்து டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றச் சொன்னேன். ஓசூர் சப்ளையர் பில் ஒன்றில் வேண்டுமென்றே வெளிமாநிலச் சரக்குக்கான வரியான ஐஜிஎஸ்டி போட்டு வைத்திருந்தேன். ஓசூர் தமிழ்நாட்டுக்குள்தானே, மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்று பிரிந்து வர வேண்டும். சரளமாகப் பேசிய இரண்டு பேர் அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஆவடியிலிருந்து வந்த பெண், பேச்சில் தயங்கித் தயங்கி நின்றவர், பென்சிலால் அந்த வரியைச் சுழித்து, "சார், இது தப்பா இருக்கே" என்றார். பேச்சை மட்டும் பார்த்திருந்தால் அவரை அனுப்பியிருப்பேன். முன்னால் எத்தனை பேரை அப்படி அனுப்பினேனோ என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆப்டிடியூட் டெஸ்ட் 0.31. ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகள் போல நூற்றுக்கணக்கில் ஃப்ரெஷர் எடுப்பவர்களுக்குச் சரி, இரண்டு பேர் எடுக்கும் எங்களுக்கு அவசியமில்லை. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது, அந்த 1998 கணக்கிலேயே 0.02. அதைத் தொடவே வேண்டாம்.

பில் டெஸ்டுக்கும் குறை உண்டு. டேலி தொடாத ஃப்ரெஷரை அது வீணாகக் கழித்துவிடும், மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்வார் என்றும் காட்டாது. அங்கேதான் ஒரே மாதிரிக் கேள்விகள் வேண்டும்: "பாக்கி கேட்டு சப்ளையர் போனில் கத்துகிறார், முதலாளி ஊரில் இல்லை. என்ன செய்வீர்கள்?" எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று முந்தின நாளே சூப்பர்வைசரோடு உட்கார்ந்து எழுதிவிடுவேன்.

இப்போது அனுபவசாலிகளுக்கு அரை மணி பில், அரை மணி கேள்வி. ஃப்ரெஷருக்குக் கேள்வி மட்டும். மார்க்கைக் கூட்டி முடிக்கும்வரை, யாரைப் பிடித்தது என்று முதலாளியிடம் வாய் திறப்பதில்லை.