டிசி பஸ்: பெரிய எலக்ட்ரோலிட்டிக்கா, ஃபிலிமுடன் ஆக்டிவ் பஃபரா?

சோலார் பேனலின் டிசியை ஏசியாக்கி மின்கட்டமைப்புக்கு (கிரிட்) அனுப்பும் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரில், பேனல் தரும் திறன் சீரானது; கிரிட்டுக்குப் போகும் திறனோ நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 2 கிலோவாட், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் 6.4 ஜூல் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிசி இணைப்பில் (டிசி பஸ்), ஏதாவது ஒரு கெப்பாசிட்டரில் தங்கியாக வேண்டும்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வழியில் 400 வோல்ட் பஸ்ஸில் உச்சம் முதல் பள்ளம் வரை 20 வோல்ட் ரிப்பிள் (மின்னழுத்த அலைவு) விட்டால் சுமார் 800 மைக்ரோஃபாரட் வேண்டும். 450 வோல்ட், 330 மைக்ரோஃபாரட் மூன்றை இணையாகப் போட்டால் டாலரன்ஸால் (குறித்த மதிப்பிலிருந்து வரும் வேறுபாடு) மதிப்பு 20% குறைந்தாலும் தாங்கும். 800 மைக்ரோஃபாரடில் கிடக்கும் 64 ஜூலில் வேலை செய்வது பத்தில் ஒரு பங்குதான். 3.5 ஆம்பியர் ரிப்பிள் கரண்ட் கெப்பாசிட்டரைச் சூடாக்கும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி.

ஆக்டிவ் பஃபரில் தனி ஃபிலிம் (பிளாஸ்டிக் படல) கெப்பாசிட்டரை அரைப்பாலமும் (இரண்டு ஸ்விட்சுகள்) சோக்கும் (காயில்) 150 முதல் 380 வோல்ட் வரை ஆட்டுகின்றன. 105 மைக்ரோஃபாரட் போதும். ஆனால் ஃபிலிம் ஒரு மைக்ரோஃபாரடுக்கு அதிக இடம் பிடிக்கும். எனவே பெட்டி எட்டில் ஒன்றாகாது. குறைந்த லோடில் எஃபிஷியன்ஸியும் இறங்கும்.

உண்மையான ஆபத்து வேறு. ஆக்டிவ் பஃபர் வைத்து, பஸ்ஸில் 30 மைக்ரோஃபாரட் மட்டும் இருக்கையில் கிரிட் ட்ரிப் ஆனால் (இணைப்பு திடீரென அறுந்தால்), பேனல் பக்கத்து 2 கிலோவாட் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 140 வோல்ட் ஏற்றிவிடும். 800 மைக்ரோஃபாரடில் அது 6 வோல்ட். ஆகவே ஓவர்வோல்டேஜ் கம்பரேட்டரை (மின்னழுத்தம் வரம்பு மீறியதும் கண்டறியும் சர்க்யூட்) ஹார்டுவேரிலேயே வையுங்கள், மென்பொருளை நம்பாதீர்கள்.

பேனலுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் மைக்ரோ இன்வெர்ட்டருக்கு (பேனலோடு பொருத்தும் சிறு இன்வெர்ட்டர்) ஆக்டிவ் பஃபர் தகும். காற்றோட்டமான சுவரில் எலக்ட்ரோலிட்டிக்கே மலிவு, எளிது. சமநிலையான மூன்று ஃபேஸில் இந்த 100 ஹெர்ட்ஸ் துடிப்பே கிடையாது; அங்கே பஃபர் வீண்செலவு.